அண்ணனை எழுதியவர்

அன்புள்ள லிங்கம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிப் போனபிறகு வீட்டில் நானும் ஹீட்டரும்தான் மிச்சம். மெல்போர்ன் குளிரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும், வேண்டாம். தங்கச்சி கோமதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். ஒரு மாதத்துக்காவது அடுப்புப் பக்கம் விடாதே, நீ ரசம் வைத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியண்ணனை வைத்து நாவல் எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, அவர் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதலாமா என்று கேட்டிருந்தாய், கூடவே எழுதியவரைக்கும் பக்கங்களையும் அனுப்பியிருந்தாய். பக்கங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எழுதலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்தபிறகு நான் தேடித்தேடிப் படித்த ஒருத்தர் இருக்கிறார். நம்மைப் போலவே செய்தி ஆசிரியரின் அதட்டலுக்கும் கடைசிப் பக்கம் முடிக்கிற அவசரத்துக்கும் நடுவில் வயதைத் தொலைத்தவர். அண்ணனைப் பற்றி நாவல் எழுதிப் பெரிய பேர் வாங்கினார். அடுத்த நாவலில் மனைவியை எழுதினார். அவர் கதையைச் சொல்கிறேன், நீயே யோசித்துக்கொள்.

பெயர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். 1912இல் இதே மெல்போர்னில் மால்வெர்ன் பகுதியில் பிறந்தார், வளர்ந்தது எல்ஸ்டர்ன்விக்கில். அந்தப் பக்கம் இப்போதும் ட்ராம் ஓடுகிறது. அவருடைய அப்பாவுக்கு அந்த ட்ராம் கம்பெனியில்தான் வேலை. அப்பா முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர், அம்மா போர்க்கால நர்ஸ். 'மை பிரதர் ஜாக்' நாவலின் ஆரம்பத்தில் அந்த வீட்டு நடைவழி ஒன்று வரும் பார், அதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வாசல் கதவைத் திறந்ததும் சக்கர நாற்காலி, சுவரில் சாய்த்த ஊன்றுகோல்கள், கட்டைக்கால்கள். ஆஸ்பத்திரியில் போக்கிடம் இல்லாமல் கிடக்கிற கை கால் இழந்த சிப்பாய்களை அம்மா வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவாள். ஆண்பிள்ளை என்றால் போரிலிருந்து சிதைந்து வருகிறவன் என்றே அந்தச் சின்னப் பையன் மனசில் பதிந்துபோகிறது. அப்பா இன்னொரு வகையில் சிதைந்தவர். மாதத்தின் கடைசி நாளில் இரண்டு பையன்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, கண்டுபிடிக்கப்படாத தப்புகளுக்கும் சேர்த்து அடிப்பார். கோபமே இல்லாமல் தேதி பார்த்து அடிக்கிற அப்பா! நம் அப்பாக்கள் அடித்தாலும் அந்த நிமிஷத்து ஆத்திரத்தில்தானே அடித்தார்கள்.

அப்பாவின் அந்த அடியை அண்ணன் ஜாக் எதிர்த்து நிற்பான். தம்பி டேவிட் ஒளிவான். டேவிட் மெரிடித் என்ற பெயரில் வருவது ஜான்ஸ்டனேதான் என்று வைத்துக்கொள். நாவல் முழுக்க இந்த ஒரு வித்தியாசம்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜான்ஸ்டன் பதினான்கு வயசில் லித்தோ அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனார். மனசெல்லாம் துறைமுகத்தில், பழைய பாய்மரக் கப்பல்கள் மேல் ஒரு பைத்தியம். பதினாறு வயசில் கப்பல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி 'ஆர்கஸ்' நாளிதழுக்கு அனுப்ப, அவர்கள் போட்டுவிட்டார்கள். 1933இல் அதே பத்திரிகையில் பயிற்சி நிருபர், கப்பல் செய்திகள் பார்க்கிற வேலை. எலிசபெத் தெருவும் லா ட்ரோப் தெருவும் சந்திக்கிற முனையில் 'ஆர்கஸ்' கட்டடம் இன்னும் நிற்கிறது. பத்திரிகை 1957லேயே மூடியாகிவிட்டது, இப்போது உள்ளே ஒரு கல்லூரி நடக்கிறது. ஒரு நாள் போய் வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். மாணவர்கள் காபி கோப்பையும் கையுமாகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நம் பழைய ஆபீஸில் ராத்திரி எந்திரம் ஓட ஆரம்பித்ததும் மேஜையில் டீ டம்ளர் லேசாக நடுங்குமே, அது ஞாபகம் வந்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜான்ஸ்டனுக்கு அடித்தது யோகம். 1941லேயே போரைப் பற்றி இரண்டு புத்தகம் போட்டுவிட்டார். 1942இல் அங்கீகாரம் பெற்ற போர் நிருபராக நியூ கினி. பிறகு பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா, பர்மா, சீனா, இத்தாலி என்று ஒரு சுற்று. 1945 செப்டம்பரில் டோக்கியோ விரிகுடாவில் 'மிசௌரி' கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அங்கேயும் இருந்தார். அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் செய்தி வரும், ஊர் திரும்பினால் ஒரு புத்தகம் வரும். பத்திரிகைக்குச் செல்லப்பிள்ளை. நம் ஆபீஸிலும் அப்படி ஒருத்தன் இருந்தான், பேர் சொல்ல வேண்டாம், உனக்கே தெரியும்: தலைப்பு கொடுத்தால் டீ ஆறுவதற்குள் ஒன்றரைக் காலம் நீளச் செய்தி அடித்துக் கொடுப்பான், ஒரு வார்த்தை வெட்ட இருக்காது, மறுநாள் ஒரு வார்த்தை ஞாபகம் இருக்காது. ஜான்ஸ்டனின் போர்க்காலப் புத்தகங்கள் அந்த ரகம்தான். தடங்கலில்லாமல் ஓடுகின்றன, கையில் ஒன்றும் ஒட்டுவதில்லை. இதை அவரே உணர்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு அவர்மேல் பிடிப்பு வரக் காரணம்.

நாவலில் இதை எப்படி வைக்கிறார் தெரியுமா? போர் அறிவித்ததும் ஜாக் ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்கிறான். உடம்பு, தைரியம், நாட்டுப்பற்று எல்லாம் உள்ள ஆள். ஆனால் பயிற்சியிலேயே காலில் அடிபட்டு, கடைசிவரை போர்முனைக்குப் போக முடியாமல் உள்ளூரிலேயே தங்க வேண்டியதாகிவிடுகிறது. தம்பி டேவிட்டோ துப்பாக்கியைத் தொடாமலே, போரை எழுதி எழுதிப் பிரபலமாகிறான். போட்டோவோடு செய்தி வருகிறது, ஊரே கொண்டாடுகிறது. அதில் எல்லாரையும்விடப் பெருமைப்படுகிறவன் ஜாக். தம்பி சாதித்துவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். தான் எவ்வளவு போலி என்று தெரிந்த டேவிட்டுக்கு அந்தப் பெருமைதான் தாங்க முடியாத தண்டனை. அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பான்.

இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? உன் பேர் முதன்முதலில் செய்தியோடு அச்சில் வந்தபோது பெரியண்ணன் அந்தத் தாளை மில் கேட்டில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டியதாக நீதான் சொன்னாய்.

ஜான்ஸ்டனின் சொந்த வாழ்க்கைக்கு வருவோம். 1938இல் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. 1946இல் 'ஆர்கஸ்' ஆபீஸுக்கு சார்மியன் கிளிஃப்ட் என்றொரு பெண் வேலைக்கு வந்தார். கியாமா என்ற கடலோரச் சின்ன ஊர்க்காரர், அவரைவிடப் பதினோரு வயது இளையவர், எழுத்தில் அவருக்குச் சளைத்தவர் இல்லை. இருவருக்கும் காதல், ஆபீஸில் பெரிய ரகளை. வேலையிலிருந்து நீக்கப்பட்டது சார்மியன். ஜான்ஸ்டன் தானாக ராஜினாமா செய்தார். யார் தூக்கப்படுவார்கள், யாருக்கு மரியாதையாக வெளியேறுகிற வாய்ப்புக் கிடைக்கும் என்பதில் எல்லா ஊர் ஆபீஸும் ஒன்றுதான் போலிருக்கிறது. சிட்னிக்குப் போய் 1947இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய 'ஹை வேலி' நாவலுக்கு 1948இல் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' நடத்திய போட்டியில் 2000 பவுண்டு பரிசு. 1951இல் லண்டன் அலுவலகத்துக்குத் தலைமை. நல்ல சம்பளம், நல்ல பதவி.

1954இல் அதையெல்லாம் விட்டெறிந்துவிட்டு, இரண்டு குழந்தைகளோடு கிரேக்கத் தீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். முழுநேரம் எழுதப்போகிறோம் என்று. முதலில் கலிம்னோஸ், கடற்பஞ்சு எடுக்கக் கடலடிக்கு மூழ்குகிறவர்களின் தீவு. அடுத்த வருஷம் ஹைட்ரா. கார் கிடையாது, சாமான் எல்லாம் கழுதை முதுகில்தான். அங்கேயே ஒரு வீடு வாங்கினார்கள், மூன்றாவது குழந்தை பிறந்தது. பல நாட்டு எழுத்தாளர்களும் ஓவியர்களும் அந்தத் தீவுக்கு வந்து சேர, இந்தத் தம்பதிதான் நடுநாயகம். துறைமுகத்தில் ஒரு மளிகைக்கடை, அதன் பின்பக்கத்து மேஜைகளில் குடியும் பேச்சும். 1960இல் பாடகர் லியோனார்ட் கோஹன் இளைஞராக வந்து இறங்கியபோது அவரைத் தங்கவைத்து ஆதரித்ததும் இவர்கள்தான். இப்போது அந்தக் காலத்து போட்டோக்களைப் பார்த்துவிட்டு ஆஹா என்ன வாழ்க்கை என்று உருகுகிறவர்கள் இங்கே நிறைய பேர். எனக்கு அதில் அவ்வளவு மயக்கமில்லை. பதிப்பாளரிடமிருந்து செக் வருமா என்று படகை எதிர்பார்த்துக் கடையில் கடன் சொல்லி வாழ்ந்த வாழ்க்கை அது. பணத்துக்காக வேறு பெயரில் துப்பறியும் நாவல்கள்கூட எழுதினார் ஜான்ஸ்டன். தன் மகள், மகன் பெயர்களைச் சேர்த்து 'ஷேன் மார்ட்டின்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். மாதச் சம்பளத்தை விட்டு ஓடிவந்தும் அதே பத்திரிகைக்கார வேகம்தான் சோறு போட்டது.

1959இல் காசநோய் என்று தெரிந்தது. நோய், குடி, சந்தேகம், மனைவி மேல் பொறாமை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மனுஷனின் எழுத்து மாறுகிறது. 1962இல் 'தி ஃபார் ரோடு' என்று ஒரு சின்ன நாவல். 1944இல் சீனாவில் ஜப்பானியப் படைக்கு அஞ்சி ஓடிய அகதிகள் சாலை நெடுக ஆயிரக்கணக்கில் செத்துக்கிடந்ததை நிருபராகப் பார்த்தவர் அவர். அந்த வழியாக ஜீப்பில் போகிற இரண்டு பத்திரிகைக்காரர்களைப் பற்றியது நாவல். பார்க்கிறோம், குறிப்பெடுக்கிறோம், வண்டியை நிறுத்தாமல் போகிறோம், இதற்கு என்ன பேர் என்று கேட்கிற புத்தகம். பரிசெல்லாம் வாங்கவில்லை, இங்கேயே பலருக்குத் தெரியாது. ஆனால் பத்திரிகைத் தொழிலில் இருந்த எவனும் இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்க மாட்டான். நீ முதலில் இதைப் படி. 

அடுத்ததுதான் 'மை பிரதர் ஜாக்'. ஹைட்ராவில் உட்கார்ந்துகொண்டு, இருமிக்கொண்டு, எங்கோ கிடக்கிற மெல்போர்னின் புறநகர்த் தெருக்களையும் வேலிகளையும் பஞ்சகாலத்து வேலையில்லாத வரிசைகளையும் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். இதில் சார்மியனின் பங்கு பெரியது. தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, மாதக்கணக்கில் அவர் மேஜைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பார். ஜான்ஸ்டன் எழுதி எழுதி நீட்டுவார், அந்தத் தெரு எப்படி இருந்தது, அந்தப் பாட்டு என்ன, இந்த இடம் பொய்யாக இருக்கிறதே என்று பேசிக்கொண்டே போவார்கள். அப்போது சார்மியனும் தன் பால்யத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கதாநாயகிக்கு அவர் வைத்திருந்த பெயர் கிரெசிடா மோர்லி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்.

நாவல் 1964இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெரிய இலக்கியப் பரிசான மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருது. பதின்மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்ப அதுவே வழி செய்து கொடுத்தது. அடுத்த வருஷமே இங்குள்ள அரசுத் தொலைக்காட்சியான ஏபிசியில் தொடராக வந்தது, திரைக்கதை எழுதியது சார்மியன். அவர் அதோடு 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' பெண்கள் பக்கத்தில் வாராவாரம் ஒரு பத்தியும் எழுத ஆரம்பித்தார். சமையல் குறிப்புக்கு நடுவில் வியட்நாம் போரையும் கிரேக்க ராணுவ ஆட்சியையும் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? ஊரே படித்தது. உண்மையைச் சொன்னால், வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்தால் சார்மியன்தான் நல்ல எழுத்தாளர். அந்தப் பத்திகளை இன்று எடுத்துப் படித்தாலும் நேற்று எழுதியது போல இருக்கிறது, நம் தொழிலில் அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜான்ஸ்டன் பாதி நாள் ஆஸ்பத்திரியில். அங்கே கிடந்து அடுத்த நாவலை எழுதுகிறார். 'கிளீன் ஸ்ட்ரா ஃபார் நத்திங்', டேவிட் மெரிடித்தின் இரண்டாம் பாகம், வரிசை கலைந்த நினைவுகளாக. அதில் டேவிட்டின் மனைவி பெயர் கிரெசிடா மோர்லி. ஆமாம், அதே பெயர். முதல் நாவலின் கடைசிப் பகுதியிலேயே அவள் வந்துவிட்டாள். சார்மியன் தனக்கென்று வைத்திருந்த பெயர், தன் நாவல் முடிவதற்கு முன்பே கணவரின் புத்தகத்தில் போய்க் குடியேறிவிட்டது. இரண்டாம் நாவலில் கிரேக்கத் தீவு வருகிறது, மனைவியின் துரோகம் என்று டேவிட் நினைப்பது வருகிறது, எல்லாம் அவன் கண் வழியாக. இந்த முறை சார்மியன் படியில் உட்காரவில்லை. தன்னால் முடியவில்லை என்று அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்: நாவலாசிரியருக்கு எதையும் எழுத உரிமை உண்டு, ஆனால் அந்த அனுபவங்களில் எனக்கும் பங்கு உண்டு, நான் வேறு ஆள் என்பதால் வேறு விதமாக உணர்ந்தேன் என்கிற அர்த்தத்தில். குறை சொல்கிற தொனியே இல்லாமல் இதைச் சொல்லியிருப்பார், அதனால்தான் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

1969 ஜூலை 8ஆம் தேதி, புத்தகம் வெளிவர ஒரு மாதம்போல இருக்கும்போது, சார்மியன் தற்கொலை செய்துகொண்டார். வயது 45. நாவலால்தான் என்று ஒற்றைக் காரணம் சொல்வது தப்பு. நோயாளிக் கணவர், குடி, குடும்பத்தைத் தாங்குகிற பாரம், எழுத முடியாமல் போன நாவல் என்று எவ்வளவோ இருந்தன. அந்தப் புத்தகத்துக்கும் மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருது கிடைத்தது. ஜான்ஸ்டன் அடுத்த வருஷம் ஜூலை 22ஆம் தேதி, 58 வயது நிறைந்து இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் பாகம் 'எ கார்ட்லோட் ஆஃப் கிளே' அரைகுறையாக 1971இல் வந்தது. மகள் ஷேனும் பிறகு அம்மா வழியிலேயே போனாள், கவிஞனாகப் பேர் எடுத்த மகன் மார்ட்டின் குடியால் 1990இல். எழுதவே கை வரவில்லை, விடு. சார்மியன் முடிக்காமல் விட்ட அந்தக் கிரெசிடா நாவல் 2024இல்தான் 'தி எண்ட் ஆஃப் தி மார்னிங்' என்று புத்தகமாக வந்தது. சின்னது, ஒரே மூச்சில் படித்துவிட்டேன். கியாமாவின் கடற்கரையும் குவாரியும் அந்த வீட்டுச் சண்டைகளும், அப்பப்பா! இதை முடிக்க விட்டிருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாவலிலும் கூட இருந்தவர்களைத்தான் ஜான்ஸ்டன் எழுதினார். ஆனால் ஜாக் நாவலைப் படித்தால் ஜாக்குக்கு ஒரு குறையும் வராது, அடிபடுகிறவன் எழுதுகிறவன்தான். தான் ஒளிந்த இடங்கள், நண்பனைத் தெரியாதவன்போல விட்டுக்கொடுத்தது, அண்ணன் கஷ்டப்பட்ட காலத்தில் தான் முன்னேறிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் பட்டியலே போடுகிறார். இரண்டாவது நாவலிலும் டேவிட் தன்னைத் திட்டிக்கொள்கிறான்தான், ஆனால் அங்கே அவனுக்கு ஒரு வழக்கு இருக்கிறது, மனைவிமேல். எதிராளிக்குப் பேச இடமில்லாத கோர்ட்டில் நடக்கிற வழக்கு. எனக்கு முதல் நாவல் பிடித்து இரண்டாவது உறுத்துவதற்கு இதுதான் காரணம். இங்கே சில விமரிசகர்கள் இரண்டாவதுதான் கலையில் உயர்ந்தது என்பார்கள், இருக்கட்டும்.

உன் பக்கங்களைப் படித்தேன். மில் பூட்டிய வருஷம், பெரியண்ணன் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, ராத்திரி திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்து கால் கழுவுவது எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, அந்தக் கால் கழுவுகிற பத்தியில் கை வைக்காதே. ஆனால் லிங்கம், அந்த வருஷம் நீ எங்கே இருந்தாய் என்று ஒரு வரிகூட இல்லையே! எனக்குத் தெரியும், மெட்ராஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தாய், அண்ணன் அனுப்பிய மணியார்டரில் நாம் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேர்தல் வேலை என்று கடிதம் போட்டுவிட்டு நீ ஊருக்குப் போகவில்லை. அதெல்லாம் வரவேண்டும். என் பேரையும் போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

'தி ஃபார் ரோடு' பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்தால் மருமகன் பொங்கலுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அடுத்த அத்தியாயம் எழுதியதும் டைப் அடிக்கக் காத்திருக்காமல் கையெழுத்துப் பக்கங்களையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. உன் எழுத்தைப் படிக்க இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே கம்பாசிட்டர் நான்தான்.

அன்புடன்,
சிதம்பரம்